பாயிரத்திற் கேட்போரும் பயனும்: கட்டுரைப் பயிற்சி வரலாற்றில் ஓர் ஆய்வு

கட்டுரை எழுதுவோன், தான் எழுதப் புகுவது யார்க்கு, எதன்பொருட்டு என்னும் இரண்டனையும் முன்னர்த் தெளிதல் வேண்டும் என்பது மொழிபயிற்றும் நெறிபற்றிய இக்கால நூல்கள் யாவும் வற்புறுத்தும் கருத்தாகும். இஃது ஆங்கிலக் கல்வி வழியாக மேனாட்டினின்றும் நமக்கு வந்தது என்பார் பலர். மேனாட்டு மரபில் இக்கருத்துப் பழமையுடையது என்பதில் ஐயமில்லை. கிரேக்க நாட்டு அரிசுடாட்டில், கேட்போரின் வயதும் செல்வநிலையும் நோக்கிப் பேச்சு வேறுபடும் ஆற்றைத் தம் சொல்வன்மை நூலின் இரண்டாம் பகுதியில் விரித்துரைத்துள்ளார். ஆயினும், தமிழ் மாணாக்கனுக்கு இஃது இறக்குமதியாக வேண்டிய சரக்கன்று. அவன் நெட்டுருச் செய்து, தேர்வில் ஒப்பித்து, மதிப்பெண் பெறும் நன்னூற் பாயிரத்திலேயே கேட்போர், பயன் என்னும் பெயர்களால் அவ்விரண்டும் அமைந்து கிடக்கின்றன. இலக்கண வகுப்பிற் கற்ற ஒன்று கட்டுரை வகுப்பிற் காணாமற் போனது எவ்வாறு? இதனையே ஈண்டு யாம் ஆராயப் புகுந்தோம்.

நன்னூல், சீயகங்கன் வேண்டப் பவணந்தி முனிவர் 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இயற்றியது. அதன் பாயிரப் பகுதி பதிப்புகளில் 55 நூற்பாக்களாக எண்ணப்படும். நூலினது இயல்பு, ஆசிரியனது இயல்பு, பாடஞ்சொல்லும் முறை, மாணாக்கனது இயல்பு, பாடங்கேட்கும் முறை என்னும் ஐந்தும் பொதுப்பாயிரம். ஒவ்வொரு நூற்கும் தனித்தனி உரியது சிறப்புப்பாயிரம். இதன்கண் ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என எட்டுச் செய்திகள் விளங்கவேண்டும் என்பர். காலம், களம், காரணம் என்னும் மூன்றனைக் கூட்டிப் பதினொன்றாகக் கொள்வாரும் உளர். இதனை அறியாத தமிழ் முதுகலை மாணவர் ஒருவரும் இலர். அறிந்தவாறு எழுதுவோர்தாம் அரியர்.

எட்டும் ஒரே தன்மையன அல்ல என்பது உற்றுநோக்குவார்க்குப் புலனாகும். ஆக்கியோனும் வழியும் நூல் எங்கிருந்து வந்தது என்று கூறுகின்றன. பெயர், யாப்பு, நுதலிய பொருள் ஆகியன நூல் யாது என்று கூறுகின்றன. எல்லை, அது வழங்கும் நிலப்பரப்பு. கேட்போரும் பயனும் மட்டுமே நூல் எங்குச் சென்று சேர்கின்றது என்று கூறுவன. ஆகவே அவை இறுதியில் வைக்கப்பெற்றன போலும். யாப்பு என்பதனைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என்னும் நான்காகக் கொள்வது நன்னூல். இன்ன நூல் கற்றபின் இது கற்றற்குரியது என்னும் இயைபாகக் கொண்ட உரையாளரும் உளர். பின்னதைக் கொண்டால் யாப்பும் கேட்போனை நோக்கியதாகவே முடியும்.

நூற்குற்றம் பத்தும் அழகு பத்தும் கூறுமிடத்தும் இந்நோக்கு வெளிப்படுகின்றது. குன்றக்கூறல், மிகைபடக்கூறல், கூறியது கூறல் முதலியன நூலினுள்ளே காணப்படும் வழுக்கள். பத்தாவதாகிய நின்று பயனின்மையோ நூலினுள் மட்டும் தேடிக் காணக்கூடிய வழுவன்று. சொற்கள் யாவும் செம்மையுற நின்றும் ஒருவர்க்கும் உதவாமை அது. அழகினுள் வரும் நவின்றோர்க்கு இனிமை என்பதும் பயில்வோனை வைத்தே அளக்கப்படுவது. ஆசிரியன் பாடஞ்சொல்லும் முறையில், கொள்பவன் எவ்வாறு கொள்ளவல்லவன் என்று அறிந்து அதற்கேற்பக் கற்பித்தலைப் பவணந்தியார் விதிக்கின்றார். மாணாக்கரை அன்னம், ஆ, மண், கிளி, இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என எண்வகைப்படுத்தியதும் வெறும் வேடிக்கை உவமையன்று. கேட்போர் ஒரு தன்மையர் அல்லர் என்னும் துணிபின்மேல் எழுந்த பகுப்பு அது. எம் வகுப்புகளில் இவ்வுவமைகள் நகைப்புக்கே பயன்படுகின்றன.

இவ்வெட்டும் பவணந்தியார் புதிதாகக் கண்டன அல்ல. இறையனார் அகப்பொருளுரை தொடக்கத்திலேயே இவற்றை எடுத்து வைத்துக்கொண்டு தன் நூற்குப் பொருத்திக் காட்டுகின்றது. அவ்வுரை கூறும் வரலாறு யாவரும் அறிந்தது. பாண்டிநாட்டில் பன்னிரண்டு ஆண்டு வற்கடம் நேர்ந்தது. நாடு நாடாயினபின் பொருளதிகாரம் வல்லார் கிடைத்திலர். இறைவன் அறுபது நூற்பாக்களைச் செப்பிதழிற் பொறித்துப் பீடத்தின்கீழ் இட்டான். அவற்றிற்குப் புலவர் நாற்பத்தொன்பதின்மரும் உரை கண்டனர். எவ்வுரை மெய்யுரை என்று துணிதற்கு வேண்டப்பட்டவன் உப்பூரிகுடிகிழார் மகன் உருத்திரசன்மன் என்னும் ஐந்தாண்டுச் சிறுவன், பேசா மகன். பிறர் உரைக்கு வாளா இருந்தான். மருதனிளநாகனார் உரைத்தபோது சிற்சில இடத்துக் கண்ணீர் வார்ந்தான். நக்கீரனார் உரைத்தபோது சொற்றொறும் கண்ணீர் வார்ந்து மெய்ம்மயிர் சிலிர்த்தான்.

இவ்வரலாற்றைப் புனைவு என்று ஒதுக்குவாரோடு எமக்கு வழக்கில்லை. வரலாற்று உண்மைக்காக அன்றி, ஒரு கொள்கையின் சான்றாகவே இதனை யாம் எடுக்கின்றோம். உரையின் தகுதியை அளக்கக் கொண்டது உரைத்தவனது புலமையன்று, கேட்டவனது மெய்ப்பாடு. அக்கேட்டவனும் மறுமொழி கூறவல்ல புலவன் அல்லன். முகமன் கூறவோ பகைமை பாராட்டவோ இயலாதவன் ஆதலின், அவன் கண்ணீர் ஐயத்திற்கு இடமற்ற சான்றாயிற்று. கேட்போர் என்னும் உறுப்பிற்கு இதனினும் ஆழமான விளக்கம் தமிழில் யாண்டும் யாம் கண்டிலேம்.

தொல்காப்பியத்திற்குச் செல்வோம். செய்யுளியல் தொடக்கத்தில் எண்ணப்படும் முப்பத்துநான்கு உறுப்புகளுள் எழுத்து, அசை, சீர், அடி என்பன கட்டமைப்பைப் பற்றியன. கூற்று, கேட்போர், களன், காலம், பயன், முன்னம் என்பன வேறு தளத்தன. இவற்றுள் முன்னம் சிறப்பாக நோக்கத்தக்கது. இன்ன இடத்து இன்ன சொல்லை இன்னார் இன்னார்க்கு உரைத்தல் தகும் என்பது சொல்லினின்றே விளங்குமாறு அமைத்தல் முன்னமாகும். யாப்புறுப்புகளின் வரிசையிலேயே இதனை வைத்தமையால், தளைதட்டுதல் எத்துணைக் குற்றமோ, கேட்பான் இன்னான் என விளங்காமையும் அத்துணைக் குற்றம் என்று ஆசிரியர் கொண்டார் எனல் பொருந்தும். பிற்காலத்து யாப்பு நூல்கள் எழுத்து முதலியவற்றை விரித்து, இவற்றைக் கைவிட்டன. எம் கருத்தில், தமிழ்க் கல்வியில் நேர்ந்த முதல் இழப்பு இதுவே. ஆங்கிலக் கல்விக்கு மிக முந்தியது.

சங்கத் தொகைநூல்களின் அகப்பாட்டுகட்குக் கீழே காணப்படும் துறைக்குறிப்புகள் இக்கொள்கையின் செயல்வடிவம். யார் யார்க்குச் சொல்லியது என்பதே அவற்றின் பொதுவான வாய்பாடு. தலைமகன் சிறைப்புறத்தானாகத் தோழி தலைமகட்குச் சொல்லியது என்னும் வகையை எடுத்துக்கொள்வோம். சொல் முன்னிலைப்படுத்துவது தலைவியை. சொல் சென்று தைக்கவேண்டியவனோ வேலிப்புறத்தே நிற்கும் தலைவன். இரவுக்குறி வருவதன் ஏதமும் ஊரலரும் தலைவி அறியாதன அல்ல. அவளுக்கு அவற்றை எடுத்துரைத்தலாற் பயன் ஒன்றும் இல்லை. தலைவன் கேட்டு வரைவு கருதவேண்டும் என்பதே பயன். ஆகவே விளிக்கப்படுவோன் ஒருவன், கேட்பிக்கப்படுவோன் ஒருவன். குறிப்பு எழுதினோர் பிற்காலத்தவர் என்பர். அவ்வாறாயின், பாட்டைப் படிப்போர் முதலில் வினவவேண்டிய வினா இது என்று அவர்கள் கொண்டிருந்தனர் என்பது இன்னும் உறுதிப்படும். செய்தித்தாளில் ஆசிரியர்க்கு எனத் தலைப்பிட்டு அமைச்சர் கேட்க எழுதும் மடல்களை நாள்தோறும் காணும் இக்காலத்தார்க்குச் சிறைப்புறம் விளங்காத துறையன்று.

உரைநடைக்கும் இந்நோக்கு உண்டு. தொல்காப்பியர் உரைவகை நடையை நான்காகக் கூறிப் பின் அதனை இரண்டாக அடக்கி, ஒன்று செவிலிக்கு உரியது, மற்றது யார்க்கும் வரையறையின்றி உரியது என்றார். தமிழில் உரைநடையைப் பற்றிய மிகப் பழைய கூற்று இது. அதிலேயே இது யார் வாயில் வழங்குவது என்னும் வினா எழுந்துவிட்டது. செவிலி தன் மகளுக்குச் சொல்லும் பொருளொடு புணர்ந்த நகைமொழியும் பொய்ம்மொழியும் ஓர் இலக்கண நூலின் கண்ணில் தனியொரு நடையாகப் பட்டன என்பது வியப்பைத் தருகின்றது. தமிழ் உரைநடை வரலாறு எழுதுவோர் நால்வகையை எண்ணிவிட்டு இவ்வுரிமைப் பகுப்பைப் பெரும்பாலும் கடந்து சென்றுவிடுகின்றனர்.

இனி, ஒரு தடை எழும். பாயிரத்துக் கேட்போர் என்பது இக்காலத்தார் கூறும் வாசகர் அன்று. நூலைக் கேட்டற்கு உரிய தகுதியுடைய அதிகாரி என்பதே அதன் பொருள். வடமொழியாளர் விடயம், பயன், சம்பந்தம், அதிகாரி எனக் கூறும் நான்கினுள் ஒன்றோடு ஒப்பது. நூலை இயற்றுவோன் கேட்போனுக்கேற்பத் தன்னை அமைத்துக்கொள்ளவேண்டும் என்பதன்று, கேட்போன் நூற்குத் தகத் தன்னை ஆக்கிக்கொள்ளவேண்டும் என்பதே பழைய நெறி. எனவே இரண்டும் ஒன்றெனல் பெயரொப்புமையாற் பிறந்த மயக்கம் என்பர்.

இத்தடையில் உண்மை உண்டு. ஓலையில் எழுதி, ஆசிரியன்முன் இருந்து கேட்ட காலத்தில் கேட்போன் கண்ணெதிரே உள்ளவன். அவனை எண்ணிப் பார்க்கவேண்டிய இடர் நூலாசிரியனுக்கு இல்லை. நூல் அவனை அடையுமுன் ஆசிரியன் ஒருவன் இடைநின்று அவனுக்கேற்ப விரித்தும் சுருக்கியும் உரைப்பான். இறையனார் அகப்பொருளுரை நக்கீரனார் முதலாக முசிறியாசிரியர் நீலகண்டனார் ஈறாகப் பத்துத் தலைமுறை வாய்வழி வந்ததாகவே கூறப்படுகின்றது. ஆகவே நூலுள் அதிகாரியை வரையறுத்தலும், பாடஞ்சொல்லுமிடத்துக் கொள்வோனுக்கு இணங்குதலும் எனப் பணி இரண்டாகப் பகுக்கப்பட்டிருந்தது. அச்சுப்பொறி வந்தபின் இடைநின்ற ஆசிரியன் நீங்கினான். அவன் செய்த பணியை எழுதுவோனே ஏற்கவேண்டியதாயிற்று. இக்காலக் கட்டுரையாளன் கடமை பாயிரத்துக் கேட்போரும் பாடஞ்சொல்லலும் ஒருங்கு கூடிய ஒன்று என்று கொண்டால் மேற்கூறிய தடை நீங்கும் எனக் கருதுகின்றோம்.

கேட்போரும் சூழலும் மாறின் தகுதியும் மாறும் என்பதைப் பழையோர் அறிந்திருந்தனர் என்பதற்கு நன்னூலுள்ளேயே மறுக்கவொண்ணாச் சான்று ஒன்றுண்டு. தன்னைத் தான் புகழ்தல் தகாது. ஆகலின் பாயிரத்தைப் பிறரே செய்யவேண்டும் என்பது பொதுவிதி. ஆயின் நான்கிடத்து அது தகும் என்று அந்நூலே விலக்குகின்றது. அரசவைக்கு ஓலை விடுக்கும்போதும், தன் ஆற்றலை அறியாதாரிடத்தும், அவையில் வாதிட்டு வெல்லவேண்டிய பொழுதும், எதிரி தன்னைப் பழித்தவழியும் என்பன அவை. ஒரே செயல் ஓரவையிற் குற்றமாய், மற்றோரவையில் முறையாகின்றது. இவ்விதி ஏட்டளவில் நின்றதன்று. அந்தகக்கவி வீரராகவர் முதலியோர் பாடிய சீட்டுக்கவிகள், புலவன் தன் பெருமையைக் கூறித் தொடங்கிப் புரவலனை விளித்துத் தன் வேண்டுகோளை வைக்கும் அமைப்பின. தற்புகழ்ச்சி என்று அவற்றைக் குறைகூறுவோர் ஓலைத்தூக்கு என்னும் இடத்தை மறந்தவராவர்.

அச்சுக்காலத்தார் இந்நெறியை எவ்வாறு கையாண்டனர் எனச் சிறிது காண்போம். வீரமாமுனிவர் தமிழ் நூல் வழக்கிற்குரிய இலக்கணத்தைத் தொன்னூல் விளக்கம் எனத் தமிழ் நூற்பாக்களால் 1730இல் இயற்றினார். பேச்சு வழக்காகிய கொடுந்தமிழுக்குரிய இலக்கணத்தை ஐரோப்பியத் துறவிகள் பொருட்டு இலத்தீனில் எழுதினார். பின்னது 1738இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. கேட்போர் வேறாகவே மொழியும் பொருளும் ஒருங்கே வேறாயின. நன்னூல் விருத்தியுரையைப் பதிப்பித்த ஆறுமுக நாவலரோ கேட்போர் என்னும் உறுப்பைத் தம் உரைநடையிலேயே நடத்திக் காட்டியவர். அவருடைய பாலபாடங்கள் சிறுவனின் வளர்ச்சியோடு படிப்படியாக ஏறுவன. நான்காம் புத்தகத்தில் கொலை, களவு, கள்ளுண்ணல் போலும் தலைப்புகளில் முழுக்கட்டுரைகளே உள்ளன. 1852இல் வெளிவந்த பெரியபுராண வசனம் செய்யுள் பயிலாதாரும் கற்க எழுந்தது. ஆண்டுச் சொற்கள் சந்தி பிரிந்து எளிமையுற நடக்கும். அவர்தம் கண்டன நூல்களில் வரும் நடை இவ்விரண்டனோடும் சேராத கூர்மையுடையது. மூன்றும் ஒரு கையெழுத்தே.

உ. வே. சாமிநாதையரிடத்து இவ்வேறுபாடு இன்னும் தெளிவாகப் புலப்படும். 1887இல் வெளியிட்ட சீவகசிந்தாமணிப் பதிப்பின் முகப்பு, நூல், நூலாசிரியர், உரையாசிரியர் எனப் பாயிர மரபையொட்டிப் புலவர்க்கு எழுதியது. 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் வாரந்தோறும் வந்த என் சரித்திரம், வாயிலில் அமர்ந்து கதை கேட்பார்போல் ஊரெல்லாம் படிக்க எழுதியது. ஐம்பது ஆண்டுகளில் தமிழ் உரைநடையே எளிதாயிற்று என்று மட்டும் இதற்குக் காரணங் கூறல் போதாது. என் சரித்திரம் எழுதிய அக்கையே புலவர்க்கு எழுதியபோது புலவர் நடையைக் கைவிடவில்லை. மு. வரதராசனார் அன்னைக்கு, தம்பிக்கு, தங்கைக்கு, நண்பர்க்கு என்று தலைப்பிலேயே கேட்போரைப் பொறித்து எழுதிய கடித நூல்களும் ஈண்டு நினைத்தற்குரியன. பாயிரம் முழுவதையும் நான்காம் வேற்றுமை உருபு ஒன்றில் அடக்கிய தலைப்புகள் அவை.

அவ்வாறாயின், பள்ளிக்கட்டுரை ஏன் கேட்போர் அற்றதாயிற்று? திண்ணைப் பள்ளிகளில் ஆத்திசூடியும் எண்சுவடியும் பயின்ற பிள்ளைகள் கடிதமும் முறியும் எழுதப் பழகினர். அவை பெறுவோன் உள்ள எழுத்து. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியபின் தேர்வுமுறை கீழ்வகுப்புகள் வரை பரவியது. வியாசம் என்றும் பின்னர்க் கட்டுரை என்றும் வழங்கிய எழுத்துவகை ஆங்கில வகுப்பின் பயிற்சியைப் பின்பற்றி வந்தது. ஆங்கில நாட்டில் அதன் பிறப்பிடம் வேறு. அடிசன் முதலியோர் 1711இல் தொடங்கிய நாளிதழ்க் கட்டுரைகள் இலண்டன் காப்பிக் கடைகளிலும் தேநீர் மேசைகளிலும் படிக்கப்பட்டன. எழுதினோர்க்குப் படிப்போர் முகம் தெரியும். மறைமலையடிகள் அடிசனைத் தழுவிச் சிந்தனைக் கட்டுரைகள் வரைந்தபோது தமிழ் மாணாக்கரையும் தமிழ்ப் பற்றாளரையும் முன்னிறுத்தி எழுதினார். ஆகலின் அது வாழ்ந்தது. பள்ளிக்கு வந்ததோ அவ்வடிவத்தின் ஓடு மட்டுமே. காலத்தின் அருமை, கல்வியின் சிறப்பு, ஒற்றுமையே வலிமை என்று தலைப்புத் தந்து, முன்னுரை, பொருளுரை, முடிவுரை எனப் பகுத்து எழுதச் செய்தால், எழுதுவோன் முன்னுள்ள ஒரே கேட்போன் விடைத்தாள் திருத்துவோன். ஒரே பயன் மதிப்பெண். திருத்துவோனும் அச்செய்தியை முன்னரே அறிந்தவன். அறிந்தானுக்கு அறிந்ததையே கூறும் இவ்வெழுத்தில் கூறியது கூறலும் மிகைபடக்கூறலும் பெருகுதல் இயல்பே. அவற்றைச் சிவப்பு மையால் அடித்துத் திருத்துகின்றோம். பத்தாங் குற்றம் அவற்றின் தாய் என்பதை மறந்துவிடுகின்றோம்.

தேர்வுத்தாளில் கடிதத்திற்கு ஒரு வினாவும் கட்டுரைக்கு வேறொரு வினாவும் வைத்தமை இப்பிரிவை நிலைப்படுத்தியது. பெறுநர் என்னும் சொல் கடிதத்தின் மூலையில் முகவரியாக ஒடுங்கியது. கட்டுரைக்குப் பெறுநர் வேண்டுவதில்லை என மாணவன் கொண்டான். அவனைக் குறைகூறுதல் முறையன்று.

எம் முதுகலை வகுப்பில் ஒருமுறை ஊர் ஏரியைத் தூர்வாருதல் என்னும் பொருளில் எழுதப் பணித்தோம். முதலில் தலைப்பு மட்டும் தந்தோம். வந்த தாள்களுள் பெரும்பாலன நீரின்றி உலகில்லை என்னும் கருத்தில் தொடங்கி, அரசும் மக்களும் கைகோத்தல் வேண்டும் என முடிந்தன. ஒன்றிலும் ஓர் ஏரியின் பெயரும் இல்லை. மறுவாரம் அப்பொருளையே இருமுறை எழுதச் சொன்னோம்: மாவட்ட ஆட்சியர்க்கு ஒரு விண்ணப்பமாகவும், கரையில் வீடுகட்டிக் குடியிருப்பாரை நோக்கி ஓர் உரையாகவும். விண்ணப்பத்தில் ஏரியின் பெயர் வந்தது. மதகு எத்தனை, கலிங்கு எப்போது உடைந்தது, ஆயக்கட்டு எவ்வளவு என்பன ஊரிற் சென்று கேட்டு எழுதப்பட்டன. இரண்டாவது எழுத்தில் எல்லாரும் இடர்ப்பட்டனர். குடியிருப்போர் வீடிழப்பர் என்பது அப்பொழுதுதான் அவர்கட்குத் தோன்றியது. ஒரு மாணவி பாதி எழுதி நிறுத்தித் தம் கருத்தையே மாற்றிக்கொண்டார். கேட்போனை எண்ணுதல் சொல்லை மட்டும் மாற்றுவதன்று, பொருளையும் மாற்றும் என்பதை நூல்களிற் படித்திருந்தும், அன்றுதான் யாம் கண்டோம்.

அதன்பின் ஆய்வுக் கட்டுரை தருவோர் யாவரும் முதல் தாளில் சிறப்புப்பாயிர உறுப்பு எட்டனையும் தம் கட்டுரைக்குப் பொருத்தி எழுதித் தருதல் எம் வகுப்பின் வழக்கமாயிற்று. ஆக்கியோன் பெயரில் ஒருவர்க்கும் இடர்ப்பாடில்லை. வழி என்னுமிடத்து முன்னோர் ஆய்வுகளைக் குறிக்கின்றனர். எல்லையும் நுதலிய பொருளும் விரைவில் நிரம்புகின்றன. பயன் என்பதற்கு நேரே பட்டம் பெறுதல் என்று எழுதிய உண்மையாளர் ஒருவரும் உளர். கேட்போர் என்பதற்கு நேரேயுள்ள இடம் பெரும்பாலும் வெறுமையாகவே வருகின்றது. தாளைத் திருப்பித் தந்து, நிரப்பிக்கொண்டு வருமாறு சொல்லி அனுப்புகின்றோம்.